அம்பத்திரெண்டு

வாங்க, வாங்க. போன்ல பேசினது நீங்கதானுங்களா? உக்காருங்க. வண்டி பொறகால செட்டுல நிக்குது, எங்கயும் ஓடிராது. அதப் பாக்கறதுக்கு முன்னால நான் சொல்றத ஒருக்காக் கேட்டுக்கங்க. மறைச்சு விக்கற பழக்கம் எனக்கு இல்லீங்க. அந்த வண்டிக்கு ஒரு கெடுதல் நடந்து போச்சு. என்ன நடந்துச்சு, ஆரால நடந்துச்சு, எல்லாத்தையும் சொல்லிப்போடறேன். கேட்டுட்டுப் புடிச்சா எடுங்க, இல்லீன்னா மோரக் குடிச்சுட்டுக் கெளம்புங்க. சரோஜினி, ரெண்டு டம்ளர் மோரு கொண்டா.

என்ற ஊட்டுக்காரி காதுல உழுந்திருக்கும். கொண்டு வருவா. இப்பெல்லாம் எனக்குப் பதில் சொல்றதில்லீங்க, ஆனா வேலை நடந்துரும்.

என்ற பேரு சென்னியப்பன். மில்லுல முப்பத்திரண்டு வருஷம் எலக்ட்ரிக்கல் போர்மேனா இருந்தவன். கரண்ட்டுன்னா என்ன, பேட்டரின்னா என்னன்னு எனக்கு ஒருத்தன் சொல்லித் தர வேண்டியதில்லீங்க. ரிட்டையர் ஆன வருஷம் இந்த வண்டிய எடுத்தேன். நெகமம் சுத்து வட்டாரத்துல அப்ப இதுதான் மொத எலக்ட்ரிக் காரு. ஊரே சிரிச்சுது. போர்மேனு இனி ஒயரக் கையில புடிச்சுட்டே திரிவாருன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்க. பேசறவன் பேசட்டும்னு உட்டுட்டேன். மூணு வருஷம் ஒரு கீறல் இல்லாம வெச்சிருந்தனுங்க. மழையில நனைய உட்டதில்ல, வெயில்ல நிக்க உட்டதில்ல. என்ற மருமவன் வந்து கேட்டப்பக் கூட சாவியக் குடுக்கல, நானே ஓட்டிட்டுப் போயி ரயில்வே ஸ்டேசன்ல எறக்கி உட்டேன்.

அப்பத்தான் மெல்போர்ன்ல இருக்கற மகளுக்குப் பிரசவம்னு வந்துச்சு. நானும் சரோஜினியும் வைகாசில கெளம்பி, கார்த்திகைல திரும்பற மாதிரி டிக்கெட்டு. ஆறு மாசம். பெட்ரோல் வண்டின்னா பேட்டரி ஒயரக் கழட்டி உட்டுட்டு, மூடி வெச்சுட்டுப் போயிரலாம். இது அப்பிடி இல்லீங்க. இது பச்சக் கொழந்த மாதிரி. வயிறு முட்டவும் ஊட்டக் கூடாது, பட்டினியும் போடக் கூடாது. அம்பது பர்சன்ட்டுகிட்ட நிக்கோணும். நாப்பதுக்குக் கீழ எறங்கினா சார்ஜ் போட்டு, அம்பத்தஞ்சுல நிறுத்தோணும். கதவு நல்லாச் சாத்தியிருக்கோணும், உள்ள லைட்டு எரியக் கூடாது, எலி அண்டக் கூடாது. அத்தனையையும் நாலு பக்கத்துக்கு எழுதி, பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் ஒறை போட்டு, செட்டுச் செவுத்துல ஆணி அடிச்சு மாட்டினேன். நாலாவது பக்கத்துல கடைசி வரி, வண்டிய ஆரும் ஓட்டக் கூடாது. அதுக்கு அடியில செவப்புல ரெண்டு கோடு.

சாவிய என்ற தங்கச்சிகிட்டக் குடுத்தேன். துளசிமணின்னு பேரு, எனக்கு நாலு வருஷம் இளையவ. அவ ஊட்டுக்காரரு தவறிப் பத்து வருஷம் ஆச்சு, கொழந்த குட்டி கெடையாது. எங்க காம்பவுண்டுலயே தெக்குப் பக்கம் ரெண்டு ரூம்பு போட்டுக் குடுத்து வெச்சிருந்தனுங்க. என்ற கல்யாணத்துல கூடப்பொறந்தவளா நின்னு இணைச்சீர் செஞ்சவ. அவள நம்பாம வேற ஆர நம்பறது? ஒடம்புக்கு என்னன்னு கேக்கறீங்களா, சக்கரை இருந்துச்சு. சக்கரை இன்னிக்கு ஆருக்கு இல்ல? எனக்கும்தான் இருக்குது.

ஏர்போர்ட்டுக்குக் கெளம்பற அன்னிக்கு அவள செட்டுல நிக்க வெச்சு, ஒண்ணொண்ணாக் காட்டிக் குடுத்தேன். கதவத் தொறக்கோணும், இந்தப் பட்டன அமுக்கோணும், ஸ்டியரிங்குக்குப் பின்னால இந்தக் கண்ணாடியில எத்தன பர்சன்ட்டுன்னு நம்பர் வரும், அதப் போட்டோ எடுக்கோணும், அமத்தோணும், கதவச் சாத்தோணும், சாத்தினது உழுந்துச்சான்னு இழுத்துப் பாக்கோணும். எல்லாத்துக்கும் சரீங்கண்ணா, சரீங்கண்ணான்னா. "போயி புள்ளையப் பாருங்கண்ணா, வண்டிய நான் பாத்துக்கறேன்"னு சொன்னா. அவ வாயில வந்த வார்த்தைங்க அது.

நாயித்துக்கெழம காலைல இங்க ஒம்பது மணிக்குப் போன் போடுவேன். ஒரு வாரம் தவறினதில்லீங்க, ஊர்ல ஆர வேணும்னாலும் கேட்டுக்கங்க. கூடப்பொறந்தவளப் போட்டுட்டுப் போயிட்டான்னு ஒருத்தன் என்னையச் சொல்ல முடியாது. போன எடுத்ததும் நம்பரு என்னன்னு கேப்பேன். போட்டோ வந்துருக்கும், அவளும் சொல்லுவா. அம்பத்தி மூணு. அம்பத்தி மூணு. அம்பத்திரெண்டு. சரியா இருக்குது, அப்பறம், எல்லாரும் சௌக்கியம்தானன்னு கேப்பேன். சௌக்கியம்பா. அவ்வளவுதான், வெச்சுருவோம்.

ஆடி மாசம்னு நெனைக்கறேன். ஒரு நாயித்துக்கெழம நம்பரச் சொல்லிட்டு, "அண்ணா, ஒண்ணு கேக்கோணும்"னா.

கேளுன்னேன்.

"கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதாமா. கோயமுத்தூர்ல பெரிய ஆசுபத்திரில பாத்தேன். மாசம் ஒருக்கா கண்ணுல ஊசி போடோணுங்கறாங்க. மருந்து ஊத்தினா அன்னிக்குப் பூராவும் ஒண்ணும் தெரியறதில்ல, தனியா பஸ்ல வர முடியலீங்கண்ணா. எதுத்த ஊட்டு கனகராஜ் ஓட்டறேங்கறான். வண்டி சும்மாதான நிக்குது, எடுத்துட்டுப் போயிட்டு வரட்டுங்களா?"

நான் கோவப்படலீங்க. பொறுமையாத்தான் கேட்டேன், நாலாவது பக்கம் படிச்சியான்னு. "படிச்சனுங்கண்ணா"ன்னா. அப்பறம் என்னன்னேன். "சரீங்கண்ணா"ன்னு வெச்சுட்டா. நான் கேட்டதுல என்னங்க தப்பு? கனகராஜ் டிராக்டர் ஓட்டறவன். அவன் கால வெச்சு மிதிச்சா இந்த வண்டி அம்பாட்டப் பாயும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, மெல்போர்ன்ல உக்காந்துட்டு நான் என்ன பண்றது? பஸ்ஸு எதுக்கு உட்டிருக்குது? இங்கிருந்து பொள்ளாச்சிக்கு பஸ்ஸு, பொள்ளாச்சில இருந்து கோயமுத்தூருக்கு அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணு.

பக்கத்துல இருந்த சரோஜினி, "ஒருக்காப் போயிட்டு வரச் சொல்லுங்களே, ஆபத்துக்குத்தான கேக்குது"ன்னா. உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்னேன். அவ எந்திரிச்சுப் போயிட்டா.

அந்த மாசம் துளசிமணி பஸ்லதான் போயிட்டு வந்திருக்கறா. திரும்பி வரும்போது எறங்கற எடம் தெரியாம ரெண்டு ஸ்டாப்பு தள்ளி எறங்கி, ரோட்டோரத்துல புளியமரத்தப் புடிச்சுட்டே நின்னாளாமா. மாடு ஓட்டிட்டு வந்தவங்க ஆரோ பாத்துக் கூட்டிட்டு வந்து உட்டிருக்கறாங்க. இதெல்லாம் அப்ப எனக்குத் தெரியாதுங்க, பின்னால கனகராஜ் பொண்டாட்டி சொல்லித்தான் தெரியும். அதோட ஆசுபத்திரிக்குப் போறதையே நிறுத்திட்டா. நிறுத்துன்னு நான் சொன்னனுங்களா? சொல்லலியே.

ஆவணில பேத்தி பொறந்தா. மூணு கிலோ இருநூறு கிராம், அப்பிடியே எங்க அம்மா சாடை. போன் பண்ணிச் சொன்னப்ப துளசிமணி அழுதா. சந்தோசத்துல அழுகறான்னு நெனைச்சேன். நம்பரு என்னன்னு கேட்டேன், சொன்னா.

அதுக்கு அப்பறந்தான் போட்டோவுல கோளாறு ஆரம்பிச்சுது. ஒரு வாரம் செவுரு வருது. ஒரு வாரம் அவ வெரலு வருது. ஒரு வாரம் ஸ்டியரிங்கு மட்டும் வருது, நம்பரே இல்ல. பத்தாவது படிச்சவளுக்கு ஒரு போட்டோ எடுக்கத் தெரியாதாங்க? சத்தம் போட்டேன். சத்தம் போடாம என்ன பண்றது, ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தாண்ட உக்காந்துட்டு. "வெளிச்சம் பத்தலீங்கண்ணா"ன்னா. காலைல ஒம்பது மணிக்கு வெளிச்சம் பத்தலையாமா. சரி, உனக்குப் போட்டோ வேண்டாம், கண்ணுல பாத்து வாயில சொல்லு, அது போதும்னுட்டேன். நான்தான் சொன்னேன். நம்பித்தான சொன்னேன்?

ஆயுத பூசைக்கு என்ன பண்ணினாத் தெரியுங்களா? கனகராஜ் பொண்டாட்டி ஒரு போட்டோ அனுப்பியிருந்தா. வண்டிக்குப் போட்டிருந்த கவர எடுக்கவே இல்ல. கவரு மேலயே சந்தனம், குங்குமம். அதும் ஒரு வரிசையில இல்ல, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, ஒண்ணு டயருகிட்ட. மகளும் மருமவனும் பாத்துட்டுச் சிரிச்சாங்க. எனக்குக் காந்துச்சு. செய்யறதத் திருந்தச் செய்யோணும், இல்லீன்னா சும்மா இருக்கோணும். அதையும் போன்ல சொன்னேன். "இனிமே திருந்தச் செய்யறனுங்கண்ணா"ன்னா.

இந்தாங்க, மோரு வந்துருச்சு. குடிங்க. பாத்தீங்களா, வெச்சுட்டு உள்ள போயிட்டா.

போட்டோவ நிறுத்தினதுல இருந்து ரெண்டு மாசத்துக்கு மேல, ஒவ்வொரு நாயித்துக்கெழமையும், அம்பத்திரெண்டு. நம்பரு என்ன? அம்பத்திரெண்டுங்கண்ணா. அடுத்த வாரம்? அம்பத்திரெண்டுங்கண்ணா. கேக்கக் கேக்க எனக்குப் பெருமை. மருமவன்கிட்டச் சொல்லுவேன், பாத்தீங்களா மாப்பிள்ளை, நான் நிறுத்தி வெச்சிருக்கற முறை அப்பிடி, கல்லுல எழுதின மாதிரி நிக்குதுன்னு.

மில்லுல எங்க வேலை என்னன்னா, ஒரு மணிக்கு ஒருக்கா மீட்டரப் பாத்து ரிஜிஸ்டர்ல ரீடிங் எழுதோணும். சோம்பேறிப் பசங்க எந்திரிச்சே போக மாட்டானுங்க, உக்காந்த எடத்துலயே பழைய நம்பரப் போட்டுருவானுங்க. ரிஜிஸ்டரக் கையில வாங்கினதும் நான் கண்டுபுடிச்சுருவேன். ஒரே நம்பரு மூணு தடவ வந்தா, ஆளு மீட்டர்கிட்டயே போகலைன்னு அர்த்தம். கரண்ட்டு ஒரே எடத்துல நிக்காதுங்க. எத்தனை பேர மெமோ குடுத்து நிறுத்தியிருக்கறேன். அப்பிடிப்பட்டவன்கிட்ட அம்பத்திரெண்டு ஒம்பது தடவ வந்துச்சு. ஒம்பது தடவ.

எனக்கு ஏன் தோணலைன்னு நீங்க கேக்கறீங்க. கேக்கலீங்களா? கேட்டாப்பல இருந்துச்சு. தோணுச்சோ என்னமோ. தோணியிருந்தா, ஏம்மா, என்ன ஆச்சுன்னு கேக்கோணும். கேட்டா அவ ஏதாச்சும் சொல்லுவா. சொன்னா அங்க உக்காந்துட்டு நான் என்ன பண்ண முடியும்? அம்பத்திரெண்டுன்னாக் கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சுங்க. அதோட உட்டுட்டேன்.

கார்த்திகைல வந்து எறங்கினோம். காலைல ஊட்டுல நாலஞ்சு பேரு. சரோஜினி அண்ணன் குடும்பம் வந்திருந்துச்சு, கனகராஜும் பொண்டாட்டியும் வந்திருந்தாங்க. பொட்டியக் கூடப் பிரிக்கல, நான் நேரா செட்டுக்குப் போனேன். கவர உருவிட்டுப் பாத்தா, ஸ்டியரிங்குப் பக்கத்துக் கதவு சரியா உழுகாம ஒரு வெரக்கடை தொறந்து கெடக்குது. உள்ள உக்காந்து பட்டன அமுக்கறேன், ஒண்ணும் இல்ல. மறுக்கா அமுக்கறேன். கண்ணாடி கறுப்பா, செத்த பாம்பாட்டக் கெடக்குது. கதவு தொறந்து கெடந்ததுல உள்ள லைட்டு ராவும் பகலும் எரிஞ்சிருக்குதுங்க. சின்ன பேட்டரி தீரத் தீரப் பெரிய பேட்டரி அதுக்கு ஊட்டி ஊட்டி, கடைசில ரெண்டும் சேந்து செத்துப் போச்சு. எத்தனையோ நாள் எரிஞ்சிருக்கோணும். செட்டுக்குள்ள தெனமும் கூட்டிப் பெருக்கினவ, அந்த லைட்டு எரியறத ஒரு நாள் கூடப் பாக்கல.

துளசிமணின்னு சத்தம் போட்டேன். வந்தா. செவுத்தத் தொட்டுட்டே வந்தா. எளைச்சிருந்தா, அது என்னமோ உண்மைதான். எல்லாரும் பின்னாலயே வந்துட்டாங்க.

"போன நாயித்துக்கெழம எத்தனைன்னு சொன்ன?"

"அம்பத்திரெண்டுங்கண்ணா."

"இப்ப எத்தன இருக்குது? நீயே பாத்துச் சொல்லு."

அவ குனிஞ்சா. தலைய வண்டிக்குள்ள நீட்டி, கண்ணாடிக்குக் கிட்ட, இந்தா, இத்தினியூண்டு தூரத்துல மூஞ்சிய வெச்சுப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. கண்ணாடியில ஒரு பொட்டு வெளிச்சம் இல்லீங்க, கும்மிருட்டு. நிமுந்து என்ற பக்கம் திரும்பி, "அம்பத்திரெண்டுங்கண்ணா"ன்னா.

சரோஜினி "அய்யோ சாமி"ன்னு சொல்லிட்டு அவ கையப் போயிப் புடிச்சா. கனகராஜ் பொண்டாட்டி அழுக ஆரம்பிச்சுட்டா. நம்ம கையே நம்ம கண்ணக் குத்துனா எப்பிடி இருக்கும்? பொய், அத்தனையும் பொய், ரெண்டு மாசமா எனக்குப் பொய்யச் சொல்லி உக்கார வெச்சிருக்கற நீன்னு கத்தினேன். அத்தன பேரு முன்னால கத்தினதுதான் கொஞ்சம் அதிகம். அத நான் ஒத்துக்கறேன்.

"எனக்கு மூணு மாசமா நம்பரு தெரியறதில்லீங்கண்ணா"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. "எடது கண்ணு சுத்தமாப் போச்சு. இதுல நெழலாட்டம் தெரியுது."

தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதான, வாயில என்ன கொழுக்கட்டையான்னு கேட்டேன்.

"பச்ச ஒடம்புக்காரி இருக்கற ஊட்டுக்கு நான் என்னத்தங்கண்ணா சொல்றது? நீங்க கேட்டது நம்பரு. அதச் சொன்னேன்."

கேட்டீங்களா பேச்ச? நான் கேட்டது நம்பராமா. சௌக்கியம்தானன்னு வாரா வாரம் நான் கேட்டது எங்க போச்சு? சௌக்கியம்னு சொன்னது ஆரு?

கம்பெனிக்காரங்க வந்து வண்டிய லாரில ஏத்திட்டுப் போயி, பதினஞ்சு நாள் வெச்சிருந்து உசுரு குடுத்தாங்க. முன்ன ஒரு சார்ஜுக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடினது, இப்ப இருநூறத் தாண்டறதில்ல. உங்ககிட்ட மறைக்காமச் சொல்லோணும்னு நெனைச்சது இதத்தானுங்க. வண்டியக் கொண்டுவந்து உட்ட மெக்கானிக்கு செவுத்துல மாட்டியிருந்த நாலு பக்கத்தையும் நின்னு படிச்சான். படிச்சுட்டு, "ஏனுங்க சார், ஆறு மாசமா ஆரும் ஓட்டவே இல்லீங்களா? மாசம் ஒருக்கா ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து நிறுத்தியிருந்தா இத்தன சேதம் ஆயிருக்காதுங்களே, கதவு தொறந்திருக்கறதும் கண்ணுல பட்டிருக்கும்"னான்.

கோயமுத்தூரு போயிட்டு வந்தா நூறு கிலோமீட்டர் ஆகுமுங்க. அந்தக் கணக்க நான் போடல. சரோஜினி போட்டா. அந்த மெக்கானிக்கு முன்னாலயே சத்தமாச் சொன்னா. அவ என்கிட்டக் கடைசியாப் பேசினது அதுதான்னு வெச்சுக்கங்க.

துளசிமணி நாங்க வந்து எறங்கின ஒரு வாரத்துலயே போயிட்டா. அவ கொழுந்தனாரு காங்கயத்துப் பக்கம் இருக்கறாரு, அவரு வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. நான் போன்னு சொல்லலீங்க. இருன்னும் சொல்லல. போகும்போது ஊட்டுச் சாவிய சரோஜினி கையில குடுத்துட்டு, என்கிட்ட ஒரு வார்த்த பேசாம, அதாவது நான் நின்ன எடம் அவளுக்குத் தெரிஞ்சுதோ இல்லையோ, காருல ஏறிட்டா. ஊர்ல என்ன பேசறாங்கன்னு எனக்குத் தெரியும். தங்கச்சி கண்ணு போனதுக்குப் போர்மேன் காரணம்னு பேசறாங்க. கண்ணு போனது சக்கரையால. டாக்டரே அப்பிடித்தான் எழுதிக் குடுத்திருக்கறாரு, சீட்டு இருக்குது. வேணும்னா எடுத்துக் காட்டறேன்.

போன மாசம் போனனுங்க, காங்கயத்துக்கு. ஆரும் சொல்லிப் போகல, நானாத்தான் போனேன். வண்டிய ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்தேன். ஊட்டுல அவளத் தவுத்து ஆரும் இல்ல. வாசல்ல உக்காந்து புளியில கொட்டை எடுத்துட்டு இருந்தா, வெரலாலயே தடவித் தடவி. நான் போயி நேரா முன்னால நின்னேன். மூஞ்சியத் தூக்கி, "ஆருங்க?"ன்னா.

நான் பேசல. கூடப்பொறந்தவ, ஒரே வயித்துல பொறந்தவ, ஆருன்னு கேக்கறா. நான் எதுக்குங்க மொதல்ல பேசோணும்? பொய் சொன்னது அவ. அவதான் பேசோணும். அப்பிடியே நின்னேன். அவ கொஞ்சம் பாத்துட்டு, "வெயில்ல வந்திருக்கறீங்க, தண்ணி குடிங்க"ன்னு எந்திரிச்சா. செவுத்தப் புடிச்சுட்டே உள்ள போயி, ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து நீட்டினா. நான் நின்ன எடத்துக்கு ஒரு அடி தள்ளி நீட்டினா. நான் அந்தப் பக்கமா நகந்து வாங்கிக் குடிச்சேன். முழுசாக் குடிச்சேன். சொம்ப அவ கையில வெச்சுட்டுத் திரும்பி நடந்தேன்.

பத்தடி வந்திருப்பேன். பொறகால இருந்து சத்தம். "அந்தக் கல்லு ஆடுமுங்கண்ணா. சாக்கடையில உழுந்துராதீங்க, இந்தாண்ட கால வைங்க."

அண்ணாங்கறா. நான் நின்னேன். திரும்பிப் போயி அவகிட்ட உக்காரலாம்னு தோணுச்சுங்க, மெய்யாலுமே தோணுச்சு. என்ற காலடி நின்னது அவளுக்கும் கேட்டிருக்கும். அப்பறம் அவ சொன்ன எடத்துல கால வெச்சுத் தாண்டி வந்துட்டேன்.

அப்ப மொதல்லயே தெரிஞ்சிருக்குதுல்லீங்க? நான்தான்னு தெரிஞ்சுட்டே ஆருங்கன்னு கேட்டிருக்கறா. நீங்க வெளியாளு, எங்க ரெண்டு பேருக்கும் வேண்டியவரு இல்ல, அதனால உங்ககிட்டக் கேக்கறேன். நாயத்தச் சொல்லுங்க. அதுவும் பொய்தானுங்களே?